பதினேழு படி, ஒரு கதவு

"ஒண்ணுமே வரலையா அப்பா?"

"வரலம்மா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஓரமா, சின்னதா, ஏதாச்சும்?"

எடைமேடைக்காரர் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். பத்து மணிக்குப் படுத்தது ஞாபகம் இருந்தது. ஆறு மணிக்கு எழுந்தது ஞாபகம் இருந்தது. இடையில் இருந்தது ஒரு போர்வையும் ஒரு தலையணையும்தான். கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

மகள் பச்சைப் பென்சிலை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில், 'அப்பா' என்ற தலைப்புக்குக் கீழே, திங்கள்கிழமைக் கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் போடுவார்களே, அதே மாதிரி.

மூன்றாம் வகுப்பு டீச்சர் கொடுத்த வேலை அது. 'எங்கள் வீட்டுக் கனவுகள்' என்று பெயர். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வாரம் காணும் கனவுகளை நாள்வாரியாகப் பட்டியல் போட வேண்டும். வாரக் கடைசியில் அதில் ஒரு கனவைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தோடு சேர்ந்து அதைச் செய்து காட்ட வேண்டும். அட்டையோ, களிமண்ணோ, எதில் வேண்டுமானாலும் செய்யலாம். எல்லோருடைய கையும் அதில் பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வீட்டில் நான்கு பேர். எட்டு வயது மகள், கனவில் ஒரு பூனையைக் கண்டிருந்தாள். அது வளர்ந்து வளர்ந்து மழை மேகமாகிவிட்டதாம். மைத்துனன், மனைவியின் தம்பி, கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். அவன் ஏழாவது மாடியிலிருந்து விழுந்திருந்தான். தினமும் விழுவானாம், சுகமாகத்தான் இருக்குமாம்.

மனைவியின் கனவுதான் பிரமாதம். சீருடை தைக்கும் கடையில் நாள் முழுக்கப் பொத்தான் வைக்கிறவளுக்கு இது எங்கிருந்து வருகிறதென்று அவருக்கு விளங்கவில்லை. யாரோ சிலர் மேகங்களைச் சுமந்துகொண்டு வருகிறார்களாம். இன்னொருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரமா இருக்கு, காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறாராம்.

"மேகம் என்ன கலர்மா?" என்று மகள் கேட்டாள். படம் வரைய வேண்டுமே.

"கலர் தெரியல. பேச்சு மட்டும்தான் கேட்டுச்சு" என்று சொல்லி மனைவி பெரிதாகக் கொட்டாவி விட்டாள். கனவு ஜாஸ்தியானால் தூக்கம் பத்துவதில்லை என்றாள்.

எடைமேடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மகள் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. புகார் சொல்லும் குரல் இல்லை, உள்ளதைச் சொல்லும் குரல்.

"அப்பா மட்டும் ராத்திரி எங்கயும் போறதில்ல மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாக லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுகிற மனிதர். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். இதுவரை ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. பெற்ற மகள் போட்ட பட்டியலில், தன் பெயருக்குக் கீழே மட்டும் வெறுமை என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் இன்னும் ஆறு நாள் இருந்தது.

அன்று எடைமேடையில் வழக்கமில்லாத ஒரு கேள்வி கேட்கப்பட்டது. லாரி மேடை மேல் ஏறி, எண்கள் ஆடி அடங்குகிற அந்த ஒரு நிமிஷத்தில், சீட்டு எழுதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நேத்து என்ன கனவு கண்டீங்க?" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டார். மணல் வண்டிக்காரரை ஒரு டயர் துரத்தியிருந்தது. மீன் வண்டிக்காரர் பரீட்சை எழுதப் போய், பேனா இல்லாமல் முழித்திருந்தார். இதையெல்லாம் மகளிடம் சொல்ல அவருக்கு மனசில்லை. அதற்குள் மேடைக்குப் பின்னால் லாரிகள் சாலை வரை நின்றுவிட்டன.

சாயங்காலம் வந்தார் கண்ணாடிப் பலகைகள் ஏற்றிச் செல்லும் டிரைவர். கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு தோட்டம், அதன் நடுவில் ஒரு படிக்கட்டு, வீடு எதுவும் கிடையாது, படிக்கட்டு மட்டும், மேலே நீல நிறத்தில் ஒரு கதவு. அவ்வளவுதான் கனவு, ஆனால் எழுந்த பிறகும் நாள் முழுக்க மனசு லேசாக இருக்கும் என்றார்.

எடைமேடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"அதை நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கோங்க சார். எனக்கு வாரத்துல மூணு நாள் வருது."

செவ்வாய்க்கிழமை காலை அவரே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்பே மனைவி வந்து உட்கார்ந்து தன் கனவைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள்தான் முதலில் சொன்னாள். அன்றைக்கு யாரோ கடலைப் பார்த்து, "பின்னால வா, இன்னும் பின்னால, மெதுவா, போதும் போதும்" என்று சொன்னார்களாம். மகள் வாய் பிளந்து கேட்டாள். அவரும்தான். இப்படிப்பட்டவளோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் மனசுக்குள் ஒரு கடல் இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்று அவருக்கு வியப்பும் கொஞ்சம் பொறாமையும் வந்தன.

பிறகு தன் படிக்கட்டைச் சொன்னார்.

மகளின் பென்சில் அப்படியே நின்றது. "எத்தனை படி?"

இங்கேதான் தொழில் புத்தி அவரைக் கவிழ்த்தது. 'நிறைய படி' என்று சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் உத்தேசமாகச் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு.

"பதினேழு."

"கதவு எவ்வளவு உயரம்?"

"ஆறடி மூணு அங்குலம். அகலம் ரெண்டரை அடி."

மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நிஜமாவா? ராத்திரி நீங்க அப்படி ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"கதவுக்குப் பின்னால என்ன இருந்துச்சு?" என்றாள் மகள்.

அதை அவர் டிரைவரிடம் கேட்கவில்லை. "திறக்கறதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சும்மா."

"அப்ப நாளைக்குத் திறந்து பார்த்துட்டு வாங்க."

இரவல் கனவைப் பாதியாக வாங்கியது பெரிய வம்பாகப் போயிற்று. கண்ணாடி வண்டி வெளியூர் போய்விட்டது, சனிக்கிழமைதான் திரும்பும் என்றார்கள். புதன்கிழமை வேறு வழியில்லாமல் அவரே சொந்தமாக ஒரு துண்டைச் சேர்த்தார். கதவு பூட்டியிருந்தது, உள்ளே யாரோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார்கள் என்றார். சொல்லி முடித்ததும் தனக்கும் கொஞ்சம் கற்பனை இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

"யாரு பாடினது?" என்றாள் மனைவி. "ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அவருக்கு அந்த ஒன்பதும் அன்றைக்கே தேவைப்பட்டன. சாயங்காலம் வரை மனைவியிடம் கேட்டதற்கெல்லாம் மைத்துனன் வழியாகத்தான் பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்தவுடன் சேதியை உடைத்தார். கதவு திறந்துகொண்டது, உள்ளே இருந்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

மனைவியின் முகம் லேசாக இளகியது. "நானா? என்ன பண்ணிட்டிருந்தேன்?"

யோசித்து வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டார். அவளை எந்த வேலையில் அதிகம் பார்த்திருக்கிறாரோ, அது தானாக வாயில் வந்தது.

"பாத்திரம் துலக்கிட்டிருந்தே."

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். மனைவி நிதானமாக, கனவில்கூடத் தனக்கு விடிவில்லையா என்று கேட்டாள். பதினேழு படி ஏறி, பூட்டிய கதவுக்குப் பின்னால் போயும், அங்கேயும் பாத்திரம்தானா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மகள் மட்டும் அக்கறையாக, எத்தனை பாத்திரம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பதினொன்று என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமைக்கான கனவை அவர் மிகவும் கவனமாகத் தயார் செய்தார். கதவைத் திறந்தால் பாத்திரம் எதுவும் இல்லை. பெரிய கட்டில் ஒன்று. அதில் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தூங்கிட்டா இருந்தேன்? நல்லாவா?"

"ரொம்ப நல்லா."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு மணி நேரம்."

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்க கனவுலயாவது தூங்கினேனே" என்றாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சந்தோஷமா என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சமாதானம் வந்ததே போதும் என்று நிம்மதியாக டீயைக் குடித்தார். அந்த நிம்மதி டம்ளர் காலியாகும் வரை நீடித்தது.

மகள் தாளின் முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதைச் செய்வது என்று முடிவு சொன்னாள். அவளுடைய பூனை மேகமாகிவிட்டதால் செய்ய முடியாது. மாமாவின் கனவு விழுகிற கனவு, அதைச் செய்தால் அடிபடும். அம்மாவின் கனவெல்லாம் வெறும் பேச்சு. அளவோடு, கலரோடு, கட்டுகிற மாதிரி இருப்பது அப்பாவின் கனவு ஒன்றுதான்.

"செருப்புப் பெட்டி ஒண்ணு இருக்கு, அதுல செஞ்சிடலாம்" என்றார் அவர் அவசரமாக.

"செருப்புப் பெட்டியா?" மைத்துனனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அளவு சொல்லியிருக்கீங்க மாமா. அளவு சொன்னா அளவுல கட்டணும். எங்கிட்ட பலகை கிடக்கு, குழாய் கிடக்கு. பின்பக்கத் தோட்டம் சும்மாத்தான் கிடக்கு."

சாரம் கட்டுகிறவனுக்குச் சின்ன அளவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. டீச்சரிடம் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால் போயிற்று என்றும் அவனே முடிவு செய்துவிட்டான். மகள் துள்ளிக் குதித்ததைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை.

சனிக்கிழமைக் கட்டத்துக்குப் படிக்கட்டில் தூசி பெருக்கியதாக ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, எடைமேடைக்கு ஓடினார். மதியம் கண்ணாடி வண்டி வந்தது. டிரைவர் இறங்குவதற்குள் இவரே வெளியே வந்துவிட்டார்.

"அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு? அதைச் சொல்லாம போயிட்டீங்களே."

டிரைவர் தலையைச் சொறிந்தார். முகத்தில் பழைய களை இல்லை.

"தெரியல சார். நான் திறந்ததே இல்ல. இனிமேத்தான் திறக்கணும்னு வச்சிருந்தேன். உங்ககிட்ட குடுத்ததுலேர்ந்து அந்தக் கனவு எனக்கு வர்றதே இல்ல."

எடைமேடைக்காரருக்கு ஊரான் வீட்டுப் பொருளை எடுத்து வைத்துக்கொண்ட கூச்சம் உடம்பெல்லாம் பரவியது. திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எப்படி என்று டிரைவரும் கேட்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வண்டியின் சீட்டில் வாழ்க்கையில் முதல் முறையாக எண்ணை மாற்றி எழுதி, அடித்துத் திருத்தினார்.

போதும், நிறுத்திவிடலாம் என்ற முடிவோடுதான் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் பன்னிரண்டு படி எழும்பி நின்றது.

மைத்துனன் மேலே உட்கார்ந்து திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தான். கதவுக்கு என்ன செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் அதுவும் தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. வீட்டிலுள்ள கதவுகளையெல்லாம் மகள் அளந்து பார்த்தாளாம். ஆறடி மூன்று அங்குலத்தில் குளியலறைக் கதவு மட்டும்தான் இருந்ததாம். குளியலறை வாசலில் இப்போது ஒரு பழைய படுக்கை விரிப்பு தொங்கியது. மனைவியும் மகளும் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மகளின் மூக்கு நுனியிலும் நீலம். அதைப் பார்த்ததும் அவர் சொல்ல வந்ததை மறுபடி விழுங்கினார்.

மறுநாள் காலையில் இன்னொரு சங்கதி புலப்பட்டது. பதினேழாவது படி, மதில் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை ஒட்டினாற்போல் போய் முடிந்தது. அந்த வீட்டில் இருப்பவரை எல்லோரும் டெலிபோன் அம்மா என்பார்கள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வேலைக்குத்தான் ஓய்வு, காதுக்கு இல்லை என்று தெருவில் சொல்வதுண்டு. கதவைத் தூக்கி நிறுத்தும் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

எடைமேடைக்காரர் கீழேயிருந்து கும்பிடாத குறையாக விஷயத்தை விளக்கினார். பள்ளிக்கூட வேலை, இரண்டு நாளில் பிரித்துவிடுவோம், வீட்டில் ஒருவருக்கு வந்த கனவு.

"யாருக்கு வந்தது?"

"எனக்குத்தாம்மா."

டெலிபோன் அம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அப்படியா. இது எனக்குப் புதுசா இருக்கே" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்கு அவர் எதையும் கட்டத் தேவை இருக்கவில்லை. அதே கனவு என்றார், மகள் 'அதே' என்று எழுதிக்கொண்டாள். மனைவியின் கட்டத்தில், "எல்லாரும் ஒண்ணா ஏறாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று பறவைக் கூட்டத்தை யாரோ வரிசையில் நிற்கச் சொன்ன கனவு பதிவாயிற்று.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. மைத்துனன் படிக்கட்டை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டு, யானை ஏறினாலும் தாங்கும் என்றான். அப்பாவின் கனவு என்பதால் அப்பாதான் முதலில் ஏற வேண்டும் என்றாள் மகள். சுவரிலிருந்து பட்டியலை எடுத்துச் சுருட்டி, கதவில் ஒட்டுவதற்காகக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இருவரும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள்.

எட்டாவது படியில் அடுப்படிச் சத்தம் கீழே நின்றுவிட்டது. பன்னிரண்டாவது படியில் காற்று வேறு மாதிரி இருந்தது. கொடியில் காயப் போட்ட சட்டைகள் காலுக்குக் கீழே மெல்ல ஆடின. பதினேழாவது படியில் இரண்டு பேர் ஒட்டி உட்காரத்தான் இடம். மகள் நீலக் கதவைத் தள்ளினாள்.

பின்னால் வானம் இருந்தது. வேறொன்றும் இல்லை. டெலிபோன் அம்மாவின் மூடிய ஜன்னல் ஒரு ஓரத்தில் தெரிந்தது, மீதியெல்லாம் வெளிறிய மஞ்சள் வெளிச்சம். தூரத்தில் யாரோ மொட்டை மாடியில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தாமதமாக வந்து சேர்ந்தது. பத்தொன்பது வருஷமாக இவ்வளவு கனம், அவ்வளவு கனம் என்று எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு, அங்கே உட்கார்ந்தபோது உடம்பில் எடையே இல்லாத மாதிரி இருந்தது. டிரைவர் சொன்னது இதைத்தான் என்று புரிந்தது.

"உங்க கனவுல இருந்த மாதிரியே இருக்காப்பா?"

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் நீலம் இன்னும் போகவில்லை. இந்த முகத்திடம் இன்னொரு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"இது என் கனவு இல்லம்மா" என்றார். எடைமேடைக்கு வரும் ஒரு டிரைவரின் கனவு என்றார். மீதியெல்லாம் தானே இட்டுக்கட்டியது என்றார். தனக்குக் கனவே வருவதில்லை, அவள் எழுதிய கட்டம் காலியாக இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் அப்படிச் செய்துவிட்டதாகச் சொன்னார்.

கீழே முதல் படியில் நின்றிருந்த மனைவிக்கு எல்லாம் கேட்டது. "என்னங்க..." என்று ஒரு தரம் வாயெடுத்தாள். பிறகு ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் அழவில்லை. தாளை மடியில் விரித்தாள். பென்சிலின் பின்பக்கத்து ரப்பரால், அப்பா என்ற தலைப்புக்குக் கீழே செவ்வாய்க்கிழமையை அழித்தாள். புதனை அழித்தாள். பதினொரு பாத்திரங்களை அழித்தாள். அம்மா தூங்கிய எட்டு மணி நேரத்தை அழிக்கும்போது கொஞ்சம் தயங்கி, அதையும் அழித்தாள். ரப்பர் துகள்கள் பதினேழு படிக்கும் கீழே பறந்தன. அழித்த இடத்தில் ஒவ்வொரு நாளாக 'வரவில்லை' என்று எழுத ஆரம்பித்தாள்.

"அப்ப இந்த வாரம் பூரா நீங்க எங்கயுமே போகலையா?" என்றாள் எழுத்தை விட்டுக் கண் எடுக்காமல்.

அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் படாரென்று திறந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் டெலிபோன் அம்மாவின் முகம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவரின் முகம்.

"அந்தப் பென்சிலைக் கீழ வை கண்ணு. ராத்திரி உங்க படுக்கையறைப் பேச்சும் காலையில நீங்க கனவு சொல்ற பேச்சும் ரெண்டுமே எனக்குக் கேக்கும், அதனால சொல்றேன். உங்கம்மா இந்த வாரம் பொட்டுத் தூக்கம்கூடத் தூங்கல, அவளுக்கு ஏது கனவு. அவ கட்டத்துல நீ எழுதி வச்சிருக்கிற ஏழு கனவும் உங்கப்பா தூக்கத்துல உளறினது."